மேட்ச் பாயிண்டில் போட்டோகிராபர்: போன்ஸிக்கு முதல் சர்வ் கொடுத்தது சரியா?

லெட்கார்டு:
பக்கத்து இழையில் ஒரு புண்ணியவான் எழுதியிருக்கிறார்: அமெரிக்க ஓபனில் மெத்வதேவ் அம்பயரைப் பார்த்துக் கத்தியதில் தப்பே இல்லையாம், விதிப்படி போன்ஸிக்கு இரண்டாவது சர்வ்தானாம், அம்பயர் முதல் சர்வைத் தானம் செய்துவிட்டாராம். கீழே ஒரு கூட்டமே கைதட்டுகிறது. அதில் ஒருவராவது விதிப்புத்தகத்தைத் திறந்திருப்பாரா என்பது சந்தேகம்.

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். 2025 அமெரிக்க ஓபன், ஆகஸ்ட் 24, ஞாயிறு, லூயி ஆம்ஸ்ட்ராங் அரங்கம், முதல் சுற்று. 13-ஆவது சீடு மெத்வதேவுக்கு எதிராக பெஞ்சமின் போன்ஸி 6-3, 7-5 என்று இரண்டு செட் எடுத்துவிட்டார். மூன்றாவதில் 5-4, போன்ஸியின் சர்வ், மேட்ச் பாயிண்ட்: இன்னும் ஒரு பாயிண்ட் எடுத்தால் ஆட்டம் அவருடையது. முதல் சர்வ் ஃபால்ட், அதாவது தவறியது; மிச்சம் இரண்டாவது வாய்ப்பு மட்டும். இரண்டாவதைப் போடுவதற்குள் ஒரு போட்டோகிராபர் எழுந்து கோர்ட்டுக்குள் கால் வைக்கிறார். அம்பயர் கிரெக் ஆலன்ஸ்வொர்த் அவரை வெளியே அனுப்புகிறார், வெளித் தொந்தரவால் தாமதம், எனவே முதல் சர்வ் என்று அறிவிக்கிறார். இதில் தானம் எங்கே இருக்கிறது?

விதி 23: லெட், அதாவது மறுபடி ஆடச் சொல்லும் அறிவிப்பு, கொடுத்தால் முழுப் பாயிண்டையும் திரும்ப ஆட வேண்டும். ஒரே விலக்கு, இரண்டாவது சர்வ் வலையில் பட்டு விழும் சர்வீஸ் லெட். அதன் கீழேயே கேஸ் 1 இருக்கிறது. வேறொரு பந்து கோர்ட்டுக்குள் உருண்டு வருகிறது, லெட் கொடுக்கிறார்கள், சர்வர் ஏற்கெனவே ஒரு ஃபால்ட் போட்டிருக்கிறார். இப்போது அவருக்கு முதல் சர்வா, இரண்டாவதா? விடை: முதல் சர்வ். முழுப் பாயிண்டும் திரும்ப. இதைப் படித்த பிறகு பேசலாம்.

நுங்கம்பாக்கம்_கேலரி:
அந்தப் புண்ணியவான் நான்தான். வணக்கம்.

கேஸ் 1-ஐ எடுத்துப் போட்டீங்களே, அதோட முதல் வரியை ஏன் முழுங்கிட்டீங்க? "பந்து ஆட்டத்தில் இருக்கும்போது"ன்னுதான் அது ஆரம்பிக்குது. ராலி ஓடிட்டிருக்கும்போது இன்னொரு பந்து உள்ள வந்தா ராலி கெட்டுப்போகும், அதனால மொதல்லேர்ந்து ஆடுறோம். நியாயம். இங்க போன்ஸி ஃபால்ட் போட்டாச்சு, பந்து செத்தாச்சு. செத்த பந்துக்கு லெட் எதுக்கு?

ஒரு ஆள் ரெண்டு அடி உள்ள வந்தார். போங்கன்னதும் போயிட்டார். எத்தனை நொடி ஆச்சு? அதை மட்டும் சொல்லுங்க சார், மத்ததை அப்புறம் பேசலாம்.

லெட்கார்டு:
நொடிக்கணக்கு விதியில் இல்லை. இல்லாத ஒன்றை என்னிடம் கேட்டால் நான் என்ன செய்ய?

இரண்டாவது சர்வைத் தாமதமின்றிப் போட வேண்டும் என்பதுதான் விதி. 25 நொடிக் கடிகாரம் பாயிண்டுக்கும் பாயிண்டுக்கும் இடையில்தான் ஓடும், முதல் சர்வுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ஓடாது. சர்வர் ஒரே மூச்சில் இரண்டையும் போடுவார் என்ற நம்பிக்கையில்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். அந்த மூச்சை வெளியாள் யாராவது அறுத்தால் கணக்கு ஆரம்பத்துக்குப் போகும். அமெரிக்க டென்னிஸ் சங்கத்தின் கையேட்டில் இது தனிக் குறிப்பாகவே வருகிறது. இரண்டு சர்வுக்கும் நடுவில் தாமதம் வந்தால்: சர்வரால் வந்தது என்றால் ஒரு சர்வ். ரிசீவரால் வந்தது என்றாலோ வெளித் தொந்தரவு என்றாலோ இரண்டு சர்வ். போட்டோகிராபர் யார்? சர்வரா? ரிசீவரா?

டபுள்ஃபால்ட்_துரை:
அன்னைக்கு மொத்தக் கோர்ட்டுலயும் நிதானமா நடந்த ஒரே ஆள் அந்த போட்டோகிராபர்தான்.

கோவை_டாப்ஸ்பின்:
ஏனுங்க, சர்வை விடுங்க. அதுக்கப்புறம் அந்த மெத்வதேவ் ஆடுன ஆட்டம் என்னங்க? நேரா அம்பயர்கிட்ட போயி நீ ஆம்பளையான்னு கேக்கறான், ஏன் நடுங்கறேங்கறான். கேமராவைப் பாத்து, இவருக்கு வீட்டுக்குப் போற அவசரம், மணிக்கணக்குல சம்பளமில்ல, மேட்ச் கணக்குலதான்னு நக்கலு. ரைலி ஓபெல்கான்னு இன்னொரு ஆட்டக்காரர் என்ன சொன்னாருன்னு வேற கேக்கறான். ஜனத்தைக் கையை ஆட்டி உசுப்பியுட்டு, ஆறு நிமிசத்துக்கு மேல ஒருத்தரையும் சர்வ் போட உடல. இதுக்கு நீங்க விதி பேசறீங்க.

நுங்கம்பாக்கம்_கேலரி:
லெட்கார்டு சார், மறுபடியும் பாதிதான் போட்டிருக்கீங்க. உங்களுக்கு இது பழக்கம் போல. அதே குறிப்புல அடுத்த வரி என்ன? ரெண்டு சர்வுக்கு நடுவுல உருண்டு வர்ற பந்தை எடுத்துப் போட ஆகுற நேரம், ரெண்டு சர்வ் குடுக்குற அளவுக்குத் தாமதம் கிடையாது, ரொம்ப இழுத்தாத்தான் கணக்கு. அப்போ நேரம் முக்கியம்னு உங்க கையேடே சொல்லுதே! நொடிக்கணக்கு இல்லைன்னு எப்படிச் சொன்னீங்க? இன்னும் கேளுங்க, அந்தத் தாமதம் போதுமா போதாதான்னு தீர்மானிக்கிறவர் யாரு? ரிசீவர். அதாவது மெத்வதேவ். மெத்வதேவ் போதாதுன்னு சொல்லிட்டார். முடிஞ்சுது.

லெட்கார்டு:
ரிசீவர் தீர்மானிப்பது அம்பயர் இல்லாத ஆட்டத்தில்! கிளப்பில், பூங்காவில், ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் ஆடும்போது. அங்கே பக்கத்து கோர்ட்டிலிருந்து பந்து வந்தால் ரிசீவரே கையைக் காட்டி, முதல் சர்வ் எடுத்துக்கொள் என்பார். அது மரியாதையும்கூட. அதற்கு எழுதிய வரியைத் தூக்கி, நாற்காலியில் அம்பயர் உட்கார்ந்திருக்கும் கிராண்ட் ஸ்லாமில் ஒட்டுகிறீர்கள்.

பந்தும் மனிதனும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். பால் பாய் இரண்டு எட்டு ஓடிப் பந்தை எடுத்துவிடுவான், சர்வர் பந்தைத் தட்டிக்கொண்டே நிற்பார். இங்கே வந்தவர் அடையாள அட்டை மாட்டிய ஒரு ஆள், கையில் கேமரா. அம்பயர் வாயைத் திறந்து பேசியாக வேண்டும், சர்வர் கோட்டைவிட்டு நகர்ந்து நிற்பார். விதி 2-ஐயும் பாருங்கள்: பார்வையாளர்கள் கோர்ட்டின் நிலையான அங்கம். அம்பயர், பால் பாய் எல்லோரும் தத்தம் இடத்தில் இருக்கும்வரை அதே கணக்கு. அதனால்தான் கேலரியில் எவனோ கத்தினால் பாயிண்டைத் திரும்ப ஆடுவதில்லை. இந்தப் போட்டோகிராபர் தன் இடத்தைவிட்டு உள்ளே வந்தவர். வெளித் தொந்தரவு என்பதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடையாது.

புல்தரை:
போட்டோகிராபர்கள் சைடு மாறும்போது மட்டும்தான் இடம் மாறலாம். 5-4 என்றால் ஒன்பது கேம். அப்போதுதான் சைடு மாறி முடிந்திருக்கிறது. முழுசாக 90 நொடி சும்மா இருந்துவிட்டு மேட்ச் பாயிண்டில், இரண்டு சர்வுக்கு நடுவில் எழுந்திருக்கிறார் என்றால் அவரை என்ன சொல்வது. அங்கீகார அட்டையைப் பறித்துவிட்டார்கள், அது சரி.

நுங்கம்பாக்கம்_கேலரி:
அவர் தப்பு செஞ்சார்னு எல்லாருக்கும் தெரியும். மெத்வதேவே பிரஸ் மீட்ல எனக்குப் போட்டோகிராபர் மேல கோபமில்ல, முடிவு மேலதான்னு சொல்லிட்டார். என் கேள்வி அதுவும் இல்ல. எத்தனை நொடி? மூணாவது தடவை கேக்குறேன்.

ஸ்லைஸ்ராணி:
முதல் சர்வ் குடுத்தா என்ன, ரெண்டாவது குடுத்தா என்னன்னு கேக்குறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன், வித்தியாசம் பெருசு. ஆண்கள் டென்னிஸ்ல ஹார்ட் கோர்ட்ல முதல் சர்வ் உள்ள விழுந்தா பத்துல ஏழு பாயிண்ட் சர்வர் பக்கம். ரெண்டாவது சர்வ்ல கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. மெத்வதேவ் ரிட்டர்னுக்குப் பின்னாடி கிட்டத்தட்ட சுவர்ல ஒட்டிக்கிட்டு நிப்பார், ரெண்டாவது சர்வ் அவருக்குக் கேக் மாதிரி. அதனால அவர் கோபம் புரியுது. அவர் அதைக் காட்டின விதம்தான் சகிக்கல.

டபுள்ஃபால்ட்_துரை:
ஆனா அந்த முதல் சர்வை வெச்சு போன்ஸி பாயிண்டை ஜெயிச்சாரா? தோத்தார். அந்த கேம் போச்சு, டைபிரேக்ல செட் போச்சு, நாலாவது செட்ல 0-6. அம்பயர் குடுத்த "தானம்" போன்ஸிக்குக் கிட்டத்தட்ட உலை வெச்சிடுச்சு. உண்மையில அன்னைக்கு மெத்வதேவுக்கு யாராவது உதவி பண்ணாங்கன்னா அது ஆலன்ஸ்வொர்த்தான். ஒரு பூங்கொத்து அனுப்பியிருக்கலாம்.

லெட்கார்டு:
கேளிக்கையாளர்கள் ஒதுங்கி நிற்கவும்.

ஒரு விஷயம் இங்கே யாருக்கும் உறைக்கவில்லை. நுங்கம்பாக்கத்தார் சொல்வதையே ஏற்றுக்கொள்வோம். போட்டோகிராபர் ஒரே நொடியில் போய்விட்டார், அம்பயரும் இரண்டாவது சர்வ் என்று அறிவித்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு கூச்சல் எழுந்து ஆறு நிமிடத்துக்கு மேல் ஆட்டம் நின்றிருந்தால்? மேலே நான் போட்ட குறிப்பைத் திரும்பப் படியுங்கள். ரிசீவரால் தாமதம் என்றால் இரண்டு சர்வ். மெத்வதேவ் கையை ஆட்டிக் கூட்டத்தை எழுப்பிய கணத்திலேயே போன்ஸிக்கு முதல் சர்வ் உறுதி. எதை எதிர்த்துக் கத்தினாரோ, அதைத் தன் கத்தலாலேயே எதிராளிக்கு வாங்கிக் கொடுத்தார்.

நுங்கம்பாக்கம்_கேலரி:
அடேங்கப்பா. இரண்டாவது சர்வ்னு சொல்லியிருந்தா அவர் ஏன் கத்தப்போறார்? கத்தினதே முதல் சர்வ் குடுத்ததுக்கு. நோயை நீங்க குடுத்துட்டு, இருமினதால நோயாளி ஆனான்னு சொல்றீங்க.

அம்பயர் பேரைக் கேட்டாலே எங்களுக்கு ஏன் எரியுதுன்னா காரணம் இருக்கு. 2024 சின்சினாட்டி, ஓஜே அலியாசிம் - டிரேப்பர், மேட்ச் பாயிண்ட். டிரேப்பர் அடிச்ச வாலி ராக்கெட் ஃபிரேம்ல பட்டு அவர் பக்கத் தரையிலயே குத்தி மேல எழும்பித்தான் வலையைத் தாண்டுச்சு. டிவி பாத்த எல்லாருக்கும் தெரிஞ்சுது. நாற்காலில இருந்தவருக்கு மட்டும் தெரியல. 5-7, 6-4, 6-4, டிரேப்பர் ஜெயிச்சார்னு போட்டாங்க. யாரு அந்த அம்பயர்? இதே கிரெக் ஆலன்ஸ்வொர்த். 2025 பிப்ரவரில டல்லாஸ்ல ஓபெல்கா இவரோட மல்லுக்கட்டினதும் ஊருக்கே தெரியும். மெத்வதேவ் ஓபெல்கா பேரைச் சும்மா இழுக்கல.

லெட்கார்டு:
சின்சினாட்டியில் நடந்தது நிகழ்வைப் பற்றிய கேள்வி. பந்து தரையில் பட்டதா, படவில்லையா? கண் பார்த்தது, கண் தவறியது. அங்கே அவர் தவறினார் என்று நானும் அந்தச் சமயத்தில் எழுதியிருக்கிறேன், போய்த் தேடுங்கள். ஆம்ஸ்ட்ராங்கில் நடந்தது விதியைப் பற்றிய கேள்வி. இரண்டும் வேறு. நிகழ்வுக் கேள்வியில் அம்பயர் சொன்னதே இறுதி. விதிக் கேள்வியில் ஆட்டக்காரர் அம்பயருக்கு மேலே இருக்கும் ரெஃப்ரியிடம் மேல்முறையீடு போகலாம், ரெஃப்ரி சொல்வதே இறுதி. ஒழுங்கான ஆட்சேபத்துக்கு வழி அது. கேமராவைப் பார்த்து அம்பயரின் சம்பளக் கணக்கைச் சொல்வது வழி அல்ல.

பழைய வழக்கு ஒன்றில் நீதிபதி தவறினார் என்பதால் இன்றைய தீர்ப்பும் தவறு என்று எந்த ஊரில் சொல்வார்கள்?

கோவை_டாப்ஸ்பின்:
இந்த மெத்வதேவ் ஆஸ்திரேலியால ஜனவரில என்ன பண்ணுனான்னு யாராச்சும் சொல்லுங்க. காசிதித் சம்ரெஜுன்னு ஒரு தாய்லாந்துப் பையன், ரேங்க் நானூத்துச் சொச்சம். அவன்கிட்ட அஞ்சு செட் இழுத்து, வலை நடுவால இருந்த சின்ன கேமராவை ராக்கெட்டாலயே அடிச்சு நொறுக்குனான். அடுத்த ரவுண்டு லெர்னர் டியன்கிட்ட தோத்துட்டு பிரஸ் மீட்டுக்கே வரல. அபராதம் மொத்தமா 76,000 டாலருங்க. அப்பறம் ஃபிரெஞ்சு ஓபன்ல முதல் ரவுண்டு நாரிகிட்ட அவுட்டு. விம்பிள்டன்ல முதல் ரவுண்டு, யாருகிட்ட? இதே போன்ஸிகிட்ட! அங்க எந்த போட்டோகிராபருங்க உள்ள வந்தான்? 2025 முழுக்க கிராண்ட் ஸ்லாம்ல ஜெயிச்சது ஒரே ஒரு மேட்ச்சு. அதும் அந்த சம்ரெஜுகூட.

நுங்கம்பாக்கம்_கேலரி:
ஃபார்ம் போச்சு, அதை யாரு இல்லேன்னா? ஃபார்ம் போனவனுக்கு விதி வேற மாதிரி எழுதியிருக்கா? 2021-ல இதே ஊர்ல ஜோகோவிச்சை 6-4, 6-4, 6-4-ன்னு சாத்தி, ஒரே வருசத்துல நாலு ஸ்லாமும் ஜெயிக்கிற காலண்டர் ஸ்லாம் கனவையே கலைச்ச ஆளு. அதெல்லாம் மறந்துடுவீங்க. 2017 ஜனவரில நம்ம நுங்கம்பாக்கத்துல சென்னை ஓபன் ஃபைனல் ஆடினார், அதுதான் அவரோட முதல் ஏடிபி ஃபைனல். அப்போ கோவைக்காரங்க எத்தனை பேருக்கு அவர் பேரு தெரியும்?

கோவை_டாப்ஸ்பின்:
அந்த ஃபைனல்ல பாட்டிஸ்டா அகுட்கிட்ட 6-3, 6-4 தோத்தது எங்களுக்கும் தெரியுங்க. சென்னைக்காரங்க மட்டும்தான் டென்னிஸ் பாக்கணும்னு ஏதாச்சும் ஜீஓ போட்டிருக்காங்களா? உங்க கேலரில உக்காந்து பாத்தவங்களால அந்தப் போட்டியவே காப்பாத்திக்க முடியல. அடுத்த வருசமே புனேக்குப் போயிருச்சு.

நுங்கம்பாக்கம்_கேலரி:
அது ஸ்பான்ஸர் விவகாரம். தெரியாத விஷயத்துல வாயை வைக்காதீங்க.

ஸ்லைஸ்ராணி:
ஊர்ச் சண்டை முடிஞ்சதும் சொல்லுங்க. பெண்கள் பக்கம் முதல் ரெண்டு ரவுண்டுல நடந்த எதையாவது இங்க யாராவது பாத்தீங்களா? ஞாயிற்றுக்கிழமை அலெக்ஸாண்ட்ரா ஈலா மூணாவது செட்ல 1-5 பின்தங்கி, அங்கேர்ந்து ஏறி வந்து 14-ஆவது சீடு டௌசனை டைபிரேக்ல 13-11-ன்னு முடிச்சா. ஓபன் எரால ஸ்லாம் மெயின் டிரால ஜெயிச்ச முதல் ஃபிலிப்பைன்ஸ் ஆள். ஆஸ்திரேலிய ஓபன் சாம்பியன் மேடிசன் கீஸ் முதல் ரவுண்டுல ரெனாட்டா ஸராஸுவாகிட்ட அவுட், 89 அன்ஃபோர்ஸ்டு எரர் (எதிராளி நெருக்காமலே தானா செஞ்ச தப்பு), 14 டபுள் ஃபால்ட். எண்பத்தொன்பது! இதுக்கு ஒரு இழை கிடையாது. ஒரு ஆம்பளை நாற்காலியைப் பாத்துக் கத்தினா மட்டும் விதிப்புத்தகம் வெளிய வருது.

டபுள்ஃபால்ட்_துரை:
14 டபுள் ஃபால்ட்டுக்கு என் பெயரால் வாழ்த்துகள்.

ஆனா அம்மணி, பெண்கள் பக்கமும் சண்டைதானே ஓடுச்சு? ஆஸ்டபென்கோ - டெய்லர் டவுன்சென்ட், ரெண்டாவது ரவுண்டு, கோர்ட் 11. 7-5, 6-1 தோத்துட்டு வலைகிட்ட நின்னு விரலை நீட்டிப் பாடம் எடுத்தாங்களே. வலையில பட்டு விழுந்த பந்துக்கு நீ ஏன் ஸாரி சொல்லலைன்னு.

ஸ்லைஸ்ராணி:
அதை "சண்டை"ன்னு சமமா வைக்காதீங்க. கத்தினது ஒருத்தி. உனக்குப் படிப்பில்ல, தரமில்லன்னு ஒரு கறுப்பினப் பெண்ணைப் பாத்துச் சொன்னா. அது எப்படிக் கேக்கும்னு யோசிக்காமலா சொன்னா? பிறகு இங்கிலீஷ் என் தாய்மொழி இல்லன்னு மன்னிப்புப் பதிவு. நெட் கார்டுக்கு (வலையில பட்டு விழுற பந்துக்கு) ஸாரின்னு கையைத் தூக்கறது வழக்கம், விதி கிடையாது. வார்ம்-அப்பை வலைகிட்டேர்ந்து ஆரம்பிச்சான்னு ஒரு புகார் வேற. பேஸ்லைன்லதான் ஆரம்பிக்கணும்னு எங்க எழுதியிருக்கு?

லெட்கார்டு:
எங்கும் எழுதியிருக்கவில்லை. வார்ம்-அப்புக்கு ஐந்து நிமிடம், அவ்வளவுதான். வரிசை வழக்கத்தால் வந்தது. ஸ்லைஸ்ராணியுடன் இதில் உடன்படுகிறேன்.

ஆனால் இதே தராசை இங்கேயும் பிடியுங்கள். ஆஸ்டபென்கோ வழக்கத்தை விதி என்று நினைத்துக் கத்தினார், நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். மெத்வதேவும் அதைத்தான் செய்தார். கூட்டத்தில் சத்தம் வரும்போதெல்லாம் யாரும் முதல் சர்வ் கொடுப்பதில்லையே என்ற வழக்கத்தை வைத்துக்கொண்டு விதியை அடித்தார். அவருக்கு மட்டும் ஏன் கைதட்டல்?

நுங்கம்பாக்கம்_கேலரி:
ஏன்னா அவர் கேட்டது நியாயமான கேள்வி. கேலரில ஒருத்தன் கத்துறான், குழந்தை அழுவுது, சர்வர் நிக்கிறார், மறுபடி பந்தைத் தட்டுறார், நேரம் போகுது. யாராவது முதல் சர்வ் குடுக்குறாங்களா? இல்ல. போட்டோகிராபர் போக அதைவிட எவ்வளவு நேரம் கூட ஆச்சு? நீங்க இன்னும் எண்ணிக்கை சொல்லல. கேஸ் 1 "பந்து ஆட்டத்தில் இருக்கும்போது". அதுக்கும் பதில் சொல்லல.

லெட்கார்டு:
இரண்டுக்கும் சொல்லியாயிற்று. பார்வையாளர் நிலையான அங்கம், விதி 2. கோர்ட்டுக்குள் வந்தவர் அங்கம் அல்ல. இரண்டு சர்வுக்கு நடுவிலான தாமதத்துக்கு கையேட்டுக் குறிப்பு. இழையை மேலே தள்ளிப் படியுங்கள்.

டபுள்ஃபால்ட்_துரை:
இதுவும் அஷ்வின்-பட்லர் கேஸ் மாதிரிதான். 2019-ல ஜெய்ப்பூர்ல அஷ்வின் பெயிலைத் தட்டினப்போ இங்க பாதிப் பேர் விதி இருக்கு, விதி இருக்குன்னு குதிச்சீங்க. இப்போ விதிப்படி முதல் சர்வ்னா, அதே ஆளுங்க நியாயம் வேணும்ங்கிறீங்க. ஆள் நம்ம ஆளா இருந்தா விதி, இல்லேன்னா தர்மம்.

நுங்கம்பாக்கம்_கேலரி:
அஷ்வின் விஷயத்துல விதி தெளிவு. கோட்டுக்கு வெளிய இருந்தான், அவுட். இங்க விதியே தெளிவில்ல. தேவையில்லாம அஷ்வினை இழுக்காதீங்க.

லெட்கார்டு:
அஷ்வினுக்குத் தெளிவாக இருந்த விதி மெத்வதேவுக்கு மட்டும் மங்கலாகிவிட்டது. நல்லது.

புல்தரை:
எனக்கு ஒரே கேள்வி. முதல் சர்வ் சரி என்றே வைத்துக்கொள்வோம். ஆறு நிமிடம் ஆலன்ஸ்வொர்த் ஏன் நாற்காலியில் உட்கார்ந்து "தயவுசெய்து அமைதி" சொல்லிக்கொண்டிருந்தார்? கோட் வயலேஷன், அதாவது நடத்தை விதிமீறல் என்று அறிவிக்கும் அதிகாரம், கையில் இருக்கிறதே.

லெட்கார்டு:
இதுதான் இந்த இழையில் வந்த உருப்படியான கேள்வி. படிகள் இப்படி: முதல் மீறலுக்கு எச்சரிக்கை, இரண்டாவதுக்கு ஒரு பாயிண்ட், மூன்றாவது முதல் ஒவ்வொன்றுக்கும் ஒரு கேம். இப்போது ஸ்கோரைப் பாருங்கள். போன்ஸிக்கு மேட்ச் பாயிண்ட். எச்சரிக்கை ஒன்று ஏறிய பிறகு இன்னொரு மீறல் என்றால் அபராதப் பாயிண்ட் போன்ஸிக்கு. ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும், ஒரு சர்வ்கூடப் போடாமல். பதினாலாயிரம் பேர் உட்காரும் அரங்கம், ஏற்கெனவே கொதிக்கிறது. 2018 ஃபைனலில் செரீனாவுக்கு கார்லோஸ் ராமோஸ் ஒரு கேம் அபராதம் போட்டதற்கே அரங்கம் என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். மேட்ச் பாயிண்டில் நாற்காலியிலிருந்து ஆட்டத்தை முடிக்க எந்த அம்பயரும் தயங்குவார். அந்தத் தயக்கத்தை மெத்வதேவ் கச்சிதமாகப் பயன்படுத்திக்கொண்டார். தோற்கவிருந்தவர் போன்ஸியின் தோளை ஆறு நிமிடம் ஆறப்போட்டு, இரண்டு செட் பிடுங்கினார். எனக்கு ஆலன்ஸ்வொர்த் மீது குறை உண்டு என்றால் அது ஒன்றுதான்: முதல் சர்வ் கொடுத்ததில் இல்லை, அதற்குப் பிறகு கையைக் கட்டிக்கொண்டு இருந்ததில்.

கோவை_டாப்ஸ்பின்:
அதாங்க நான் சொன்னேன். வேணும்னே பண்ணுனான். நடுவால கூட்டத்துக்கு முத்தம் வேற பறக்க உடறான். 2019-லயும் இங்கயே ஃபெலிசியானோ லோப்பஸ் மேட்ச்ல பால் பாய் கையிலருந்து துண்டைப் புடுங்கி எறிஞ்சு, நடுவிரலைக் காட்டி, கடைசில மைக்கைப் புடிச்சு ஜனத்துக்கு நன்றி சொன்னானே, உங்க கூச்சல்தான் எனக்குச் சக்தின்னு. இது அவனுக்கு ஒரு ஆட்ட முறைங்க. ஃபோர்ஹேண்டு, பேக்ஹேண்டு, கூச்சலு.

நுங்கம்பாக்கம்_கேலரி:
அந்த 2019-ல அவர் ஃபைனல் வரைக்கும் போய் நடாலை அஞ்சு செட் ஆட வெச்சார். அதையும் சேத்துச் சொல்லுங்க.

அபராதமும் கட்டிட்டார். ஒழுக்கக்கேட்டுக்கு 30,000, ராக்கெட் உடைச்சதுக்கு 12,500, மொத்தம் 42,500 டாலர். முதல் ரவுண்டு பரிசு 1,10,000. மூணுல ஒரு பங்குக்கு மேல பிடுங்கியாச்சு. போதாதா? அம்பயருக்கு யாரு அபராதம் போட்டா?

லெட்கார்டு:
விதியைச் சரியாகச் சொன்னதற்கு எந்த ஊரிலும் அபராதம் இல்லை.

ஸ்லைஸ்ராணி:
ராக்கெட் உடைச்சதுக்கு 12,500, அம்பயரை ஆம்பளையான்னு கேட்டதுக்கும் கூட்டத்தை ஏவிவிட்டதுக்கும் சேத்து 30,000. 2009-ல செரீனா லைன் ஜட்ஜைத் திட்டினப்போ மேட்ச் பாயிண்ட்ல பாயிண்ட் பெனால்டி போட்டு க்ளைஸ்டர்ஸ் ஜெயிச்சாச்சுன்னு முடிச்சாங்க. செமி ஃபைனல்! லெட்கார்டு இப்பத்தான் எந்த அம்பயரும் தயங்குவார்னு எழுதினார். தயங்கலையே அங்க? ஆளைப் பாத்துத்தான் தயக்கம் வருதா?

லெட்கார்டு:
2009-இல் செரீனாவுக்கு ராக்கெட் உடைத்ததற்கான எச்சரிக்கை முதல் செட் முடிவிலேயே ஏறியிருந்தது. திட்டியது இரண்டாவது மீறல். 15-40, பாயிண்ட் பெனால்டி, ஆட்டம் முடிந்தது. படியேறும் கணக்கு சுத்தம். இரண்டு சம்பவமும் ஒன்றல்ல.

ஸ்லைஸ்ராணி:
"ஒன்றல்ல", "வேறு", "மேலே படியுங்கள்". உங்களுக்கு ஒத்துவராத எல்லாமே வேற. பெண்ணா இருந்தா படிக்கணக்கு, ஆணா இருந்தா தயக்கம்.

லெட்கார்டு:
என் வாயில் வார்த்தையைத் திணிக்க வேண்டாம். ஆலன்ஸ்வொர்த் தயங்கியது தவறு என்றுதான் எழுதியிருக்கிறேன்.

நுங்கம்பாக்கம்_கேலரி:
பாருங்க, அம்பயர் தப்புன்னு அவரே சொல்லிட்டார். ஸ்கிரீன்ஷாட் எடுத்தாச்சு.

லெட்கார்டு:
எதில் தவறு என்பதைச் சேர்த்து எடுங்கள். முதல் சர்வ் சரி. ஐந்தாவது செட்டை 6-4 என்று போன்ஸி எடுத்ததும் சரி.

கோவை_டாப்ஸ்பின்:
3 மணி 45 நிமிசம் ஆடி ஜெயிச்ச போன்ஸியைப் பத்தி இத்தனை பதிவுல ஒருத்தரும் ஒரு வரி உருப்படியா எழுதல. நாலாவது செட்டை ஒரு கேம்கூட எடுக்காமத் தோத்துட்டு அஞ்சாவதுக்கு எந்திரிச்சு வந்தான் பாருங்க, அதைப் பத்தி பேசுவீங்களா?

நுங்கம்பாக்கம்_கேலரி:
பேசலாமே. முதல்ல நொடி எத்தனைன்னு லெட்கார்டு சொல்லட்டும்.

டபுள்ஃபால்ட்_துரை:
மேட்ச் முடிஞ்சதும் மெத்வதேவ் பெஞ்ச்ல உக்காந்து ஒரு ராக்கெட்டை அடிச்சு அடிச்சு உடைச்சார். அந்த அடியை யாராவது எண்ணினீங்களா? அதுக்கும் ஒரு விதி இருக்கும், லெட்கார்டு சார் வருவார்.

லெட்கார்டு:
எத்தனை அடி என்பது கணக்கில்லை. உடைத்தால் மீறல்.